டிரங்குப் பெட்டியில் கிடைத்த முகங்கள் – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் கிடக்கும் பழைய புகைப்படங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே தருகிறோம். குடும்பச் செய்திகள் கலந்திருப்பதால், எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

மாமியார் காலமான பிறகு பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணப் படங்கள், பள்ளிக்கூட குரூப் போட்டோ, தேர், வெள்ளம், யாரென்றே தெரியாத பலர் என எல்லாம் கலந்து கிடக்கின்றன. தெரிந்தவர்களை மட்டும் ஆல்பத்தில் போட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. இவற்றை எப்படிப் பார்ப்பது, எங்கே தொடங்குவது? – வாசகி, பாபநாசம்

உங்கள் மனம் சொல்வதே சரி, கழிக்க வேண்டாம். பிரிக்கவும் அவசரப்பட வேண்டாம். எந்த உறைக்குள் எந்தெந்தப் படங்கள் சேர்ந்து கிடந்தன, எதை அடியில் வைத்தார், எதை மேலே வைத்தார் என்பதில் உங்கள் மாமியாரின் கணக்கு ஏதேனும் இருந்திருக்கும். கலைத்துவிட்டால் அது யாருக்கும் கிடைக்காது. ஆகவே முதல் வேலையாக, கிடந்தபடியே அடுக்கடுக்காகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரென்று தெரியாதவர்களின் படங்கள் பெரும்பாலும் அவர்களே விரும்பிக் கொடுத்தவை. பள்ளியிறுதி முடித்துப் பிரியும்போதும், வேலை மாற்றலாகிப் போகும்போதும், ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து, பின்புறம் ‘நினைவாக’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நண்பருக்குக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கமாக இருந்தது. பெண் பார்ப்பதற்கு முன் ஜாதகத்தோடு வந்து, திரும்பக் கேட்கப்படாமலே தங்கிவிட்ட படங்களும் அதில் இருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்களைச் சற்றுக் கேலி செய்வதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

பார்ப்பதற்குப் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முகங்களைப் பார்த்து முடித்ததும் ஓரங்களுக்கு வாருங்கள். வீட்டில் எடுத்த படங்களில் பல, முற்றத்திலோ அதை ஒட்டிய தாழ்வாரத்திலோ எடுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். கூடமும் உள்ளறைகளும் பகலிலும் இருண்டிருக்கும் அந்த வீடுகளில், மேலிருந்து சீராக வெளிச்சம் இறங்கும் இடம் முற்றம் ஒன்றுதான் என்பதைப் படம் பிடிக்க வந்தவர் வாசலில் நுழைந்ததுமே கண்டுகொள்வார். பின்னால் ஒரு ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் நாற்காலி போட்டுப் பெரியவர்களை உட்கார வைப்பார்கள். அந்த ஜமுக்காளம் முடிகிற இடத்தில்தான் வீடு தொடங்குகிறது: நெற்குதிரின் அடிப்பகுதி, சாய்த்து வைத்த உலக்கை, ஆணியில் தொங்கும் நாட்காட்டி, படத்தில் சேர்த்துக்கொள்ளப்படாமல் தூணுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சிறுமி. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் கையில் குழந்தை இருக்கிறது, மருமகள்களில் யார் மாமியாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள். அன்றைய வீட்டு அரசியல் முழுவதும் அந்த இட ஒதுக்கீட்டில் இருக்கிறது.

பெரியவர்களிடம் காட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு படம் போதும். ‘இது யார்?’ என்று கேட்டால் பெயர் வரும், அத்தோடு பேச்சு நின்றுவிடும். ‘இந்தப் புடைவை யார் எடுத்துக் கொடுத்தது?’, ‘அன்றைக்குச் சமையல் யார்?’, ‘இந்தப் படத்தில் இல்லாமல் போனவர் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயரையோ ஆண்டையோ மாற்றிச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள். அத்தை சொல்வதும் சித்தப்பா சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதிவையுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனாவின் தடம் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். மை நாளடைவில் ஊறி மறுபக்கம் வரும். பிளாஸ்டிக் போல வழுக்கும் பிற்காலத் தாளில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு உறையின் மேல் எழுதினால் போதும்.

எங்கள் வீட்டில் 1950ஐ ஒட்டிய ஸ்டூடியோ படங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேமரா மெதுவாக வேலை செய்ததுதான் காரணமா? – வாசகர், குடவாசல்

1850களின் படங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தும். 1950இல் ஒரு நொடியின் சிறு பகுதியே போதுமானதாக இருந்தது. வாழ்நாளில் ஓரிரு முறை எடுக்கப்போகும் படம், நாளை சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டப்படப் போவது, அதில் பல் தெரியச் சிரிப்பது மரியாதை அன்று என்ற எண்ணமே பெரிய காரணம். அதே மனிதர்களை, வீட்டுக்குப் பெட்டி கேமரா வந்த பிறகு ஆற்றங்கரையிலோ மாந்தோப்பிலோ எடுத்த படங்களில் தேடிப் பாருங்கள், நன்றாகவே சிரித்திருப்பார்கள்.

என் அம்மாவின் சிறு வயதுப் படத்தில் அவர் கண்ணாடிக்கு முன் நிற்கிறார். சடை கண்ணாடியில் தெரிகிறது. பாவாடை கட்டிய இன்னொரு குழந்தையும் ஒரு படத்தில் இருக்கிறது, அது யாரென்று தெரியவில்லை. – வாசகி, மன்னார்குடி

முதலாவது, பூத்தைத்த சடைப் படம். மல்லிகை மொக்குகளை வரிசை வரிசையாகச் சடையோடு சேர்த்துத் தைத்து முடிப்பதற்குச் சில மணி நேரம் ஆகும். பூவோ மறுநாள் காலைக்குத் தாங்காது. அவ்வளவு உழைப்பும் முதுகுப் பக்கம் இருக்க, முகமும் தெரிய வேண்டும் என்றால் கண்ணாடிதான் வழி. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் பலவற்றில் இதற்கென்றே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. படம் எடுப்பவர் தாம் அதில் விழாதபடி கேமராவைச் சாய்வாக நிறுத்துவார். எல்லாரும் அதில் வெற்றி பெற்றதில்லை. பூதக்கண்ணாடியால் கண்ணாடியின் ஓரத்தைத் துழாவினால் முக்காலியின் கால் ஒன்று அகப்படக்கூடும்.

இரண்டாவது படத்தைப் பொறுத்தவரை, அது எந்த அத்தை என்று தேடுமுன் ஏதேனும் ஒரு பெரியப்பாவாக இருக்குமா என்று கேளுங்கள். வைத்தீசுவரன் கோயிலிலோ சுவாமிமலையிலோ முடியிறக்குவதற்கு முன், நீண்டு வளர்ந்த தலைமுடியைப் பின்னிப் பூ வைத்து, பாவாடையும் நகையும் போட்டு ஆண் குழந்தைகளைப் படம் எடுத்துக்கொள்வது பல குடும்பங்களின் வழக்கம்.

மகாமகக் குளத்துப் படிக்கட்டில் எங்கள் குடும்பத்தார் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. பெருங்கூட்டம். தொலைவில் நிற்கும் பேருந்தில் ‘சோழன்’ என்ற எழுத்து தெரிகிறது. பின்புறம் ஸ்டூடியோ முத்திரையில் ‘கும்பகோணம் – 612 001’ என்றிருக்கிறது. எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர், கும்பகோணம்

கிட்டத்தட்ட முடியும். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கியது. தலைவர்கள், மன்னர்கள் பெயரில் இருந்த போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. அஞ்சல் குறியீட்டு எண் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஆக, பேருந்தும் முத்திரையும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றன. அண்மைக் கால மகாமகங்கள் 1968, 1980, 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை. 1968 முன்னதாகப் போய்விடுகிறது, 2004 பிந்திவிடுகிறது. எஞ்சிய இரண்டில் 1992க்குள் வீட்டுப் படங்கள் பெரும்பாலும் வண்ணத்துக்கு மாறியிருந்தன என்பதால், 1980 என்பதே என் ஊகம்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் மாசிமகத்துக்கும் அந்தப் படிக்கட்டுகள் நிரம்பும். பெருங்கூட்டம் என்றாலே மகாமகம் என்று கொள்ள முடியாது. மேலும், முத்திரை பிரதி போட்ட நாளுக்கு உரியது; பழைய நெகடிவைக் கொடுத்துப் பின்னாளில் பிரதி போடுவது எங்கும் நடப்பதே. உங்கள் படத்தில் பேருந்தும் இருப்பதால் தப்பித்தோம். அந்தப் படிக்கட்டில் கைக்குழந்தையாக இருப்பவர் இப்போது யார், அவர் பிறந்த ஆண்டு எது என்று கேட்டாலே வழக்கு முடிந்துவிடும்.

வேறு வாசகர்களுக்காகச் சில தடயங்களையும் சேர்த்துச் சொல்கிறேன். படத்தில் தெரியும் கடைப்பலகையில் விலை அணாவில் இருந்தால் 1957இல் வந்த புதிய நாணய முறைக்கு முந்திய பலகை. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969க்கு முன் எழுதியது. ‘மாயூரம்’, ‘மாயவரம்’ என்றிருந்தால் 1982இல் மயிலாடுதுறை என்ற பெயர் வருவதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் மாயவரத்துக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள், கடைக்காரரும் பலகையை மாற்றாமல் விட்டிருப்பார். துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘ணை’ எழுத்துகள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை என்பதும் பலகைக்குத்தான் பொருந்தும். கையெழுத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் அந்தத் தலைமுறையினர் கடைசி வரை தாம் கற்றபடியேதான் எழுதினார்கள். வண்டியின் எண் ‘டி.என். 49’ என்று தொடங்கினால் 1989க்குப் பிந்தியது. அலையலையாக வெட்டிய வெள்ளை விளிம்பு இருந்தால் 1940களிலிருந்து 1960களுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுள் எதுவும் தனியே நின்று சாட்சி சொல்லாது. இரண்டு மூன்று ஒத்துவந்தால் நம்பலாம்.

நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் உண்டு. எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்தே இல்லாவிட்டால் சட்டையின் பொத்தானையும் சட்டைப் பையையும் பாருங்கள். புடைவைத் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். மடிசாரில் வலத்தோளில் தலைப்புப் போடும் வழக்கமும் நம் பக்கத்தில் இருக்கிறது.

என் தாத்தா மலாயாத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். பினாங்கில் கோட்டும் டையுமாக எடுத்த படம் இருக்கிறது. ஊரில் அவரைச் சட்டை போட்டுப் பார்த்தவர்களே இல்லை என்கிறார் அப்பா. – வாசகர், நாகூர்

இரண்டும் உண்மையாக இருக்கலாம். கோட்டு ஸ்டூடியோவுக்கு உரியதாக இருந்திருக்கக்கூடும். வருகிறவர்களுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுப்பதற்காகக் கோட்டு, தலைப்பாகை, கைக்கடிகாரம் எல்லாம் ஸ்டூடியோக்களில் வைத்திருப்பார்கள். தோள் சற்றுத் தொங்கினாலோ, கைநீளம் மணிக்கட்டைத் தாண்டினாலோ ஐயப்படலாம். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் போனவர்கள் தாம் நலமாக இருப்பதை ஊருக்குத் தெரிவிக்க இதைவிட எளிய வழி இல்லை; அஞ்சலட்டைத் தாளிலேயே அச்சிட்டு, பின்புறம் நாலு வரி எழுதி அனுப்பினார்கள். படத்தின் கீழ் மூலையை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் ஸ்டூடியோவின் பெயர் அழுத்து முத்திரையாகத் தெரியலாம். உங்கள் பெட்டியில் 1942 முதல் 1945 வரை மலாயாவிலிருந்து ஒரு படமும் இல்லாவிட்டால் வியப்படையாதீர்கள். அது ஜப்பானியர் ஆட்சிக் காலம். அந்த இடைவெளியில் ஊரில் இருந்தவர்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்று உங்கள் அப்பாவிடம் கேட்கலாம்.

கொள்ளுப்பாட்டி இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் எல்லாரும் நின்று எடுத்த படம் இருக்கிறது. குழந்தைகள் பயப்படுகிறார்கள். வைத்திருக்கலாமா? – வாசகி, வலங்கைமான்

வைத்திருக்கலாம், ஆல்பத்தின் நடுவே இருக்க வேண்டும் என்பதில்லை, தனி உறையில் போட்டு, உறையின் மேல் விவரம் எழுதிவிடுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் இதுவாகத்தான் இருந்தது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உயிரோடிருக்கும்போது தள்ளிப் போட்டிருப்பார்கள். செய்தி தெரிந்ததும் டவுனிலிருந்து போட்டோகிராபரை அழைத்துவர யாரேனும் ஓடியிருப்பார்கள். துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, மாலையிட்டு, வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் வரை காத்திருந்து எடுத்த படம் அது. சில ஸ்டூடியோக்களில் மூடிய கண்களின் மேல் விழி வரைந்து, உயிரோடிருப்பவர் போலவே சுவருக்குரிய படத்தைத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

சுவரில் மாட்டிய பெரிய படங்களில் இன்னொரு வகையும் உண்டு. குடும்ப குரூப்பிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால், தூரிகையால் அழித்தும் அழியாமல், பக்கத்தில் நின்றவரின் தோள் ஒரு மூலையில் தங்கியிருக்கும். அந்தத் தோள் யாருடையது என்று தேடிப் போனால் மூலப்படம் எந்த உறவினர் வீட்டிலாவது கிடைப்பதுண்டு. குழந்தைகளைப் பொறுத்தவரை, அவர்களே கேட்கும் வரை காட்ட வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

கஜா புயலில் நனைந்த ஆல்பத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. – வாசகர், வேதாரண்யம். சட்டத்திலுள்ள படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. – வாசகி, திருவாரூர். தாத்தா கல்யாணப் படம் பளிச்சென்றிருக்க, 1985இல் நடந்த எங்கள் கல்யாண ஆல்பம் சிவந்துபோய்விட்டதே! – வாசகர், பட்டுக்கோட்டை

மூன்றுக்கும் பொதுவான விதி, பிய்க்காதீர்கள் என்பது. 2018 நவம்பரில் நனைந்து காய்ந்தவற்றை இப்போது வலிந்து பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். ஒட்டும் பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பமாக இருந்தால், மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை மூலையில் நுழைத்து, மெதுவாக அறுப்பது போல இழுத்துப் பார்க்கலாம். எதிர்ப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள். புதிதாக நனைந்த படங்களுக்கு இரண்டு நாள்தான் கெடு. அதற்குள் குளிர்ந்த நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, முகம் மேலே இருக்க, ஒன்றின் மேலொன்று படாமல் நிழலில் பரப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடித்துவிடும். உடனே செய்ய ஆளில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். அடுத்த புயலுக்கு நினைவில் இருக்கட்டும்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. இனிச் சட்டம் போடுகிறவர்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை ஓரம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். குங்குமமும் சந்தனமும் கண்ணாடிக்கு மேல் இருக்கும் வரை தீங்கில்லை. கண்ணாடி இல்லாத படத்தில் நேராக வைத்த பொட்டை எடுக்கவே முடியாது.

பட்டுக்கோட்டை வாசகரின் கேள்வி பலருக்கும் உரியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி உலோகம். அச்சிடும்போது பயன்படுத்திய ஹைப்போ என்ற வேதிப்பொருளை நன்றாகக் கழுவி முழுவதும் நீக்கியிருந்தால் நூறாண்டு தாங்கும். வண்ணப் படத்தில் இருப்பவை சாயங்கள். அக்காலத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம், வெளிச்சமே படாமல் பீரோவில் இருந்தாலும், முதலில் மங்கும். எஞ்சியவை சேர்ந்து படத்தைச் சிவப்பாக்குகின்றன. ஆகவே ஸ்கேன் செய்யத் தொடங்குபவர்கள் தாத்தா படத்தைச் சற்றுக் காக்க வைத்துவிட்டு, 1970கள், 1980களின் வண்ணப் படங்களை முதலில் எடுக்க வேண்டும். சிறிய படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவு வைத்தால் பெரிதாக்கிப் பார்க்க வசதியாக இருக்கும்.

சேமிக்க ஏற்ற இடம், வீட்டின் நடு அறையிலுள்ள பீரோவின் நடுத்தட்டு. ஓட்டுக்கு அடியில் வெந்துபோகும் பரண் ஆகாது. ரப்பர் பேண்டு, செலோ டேப், வாசம் வீசும் பிளாஸ்டிக் உறை மூன்றும் ஆகா. பூச்சிக்காக வேப்பிலையைப் படத்தோடு சேர்த்து வைக்கும் பழக்கம் நல்ல எண்ணத்தில் பிறந்தது, கறை விடுகிறது.

அப்பாவின் ஆக்ஃபா பெட்டி கேமராவும், டப்பா நிறைய நெகடிவும் கிடைத்திருக்கின்றன. நெகடிவால் இனி என்ன பயன்? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பிரதிகளைவிட அவைதாம் பெரிய சொத்து. அந்தக் கேமராவில் போடும் 120 வகைச் சுருளில், கேமராவின் வகையைப் பொறுத்து, எட்டு நீள்சதுரப் படங்களோ பன்னிரண்டு சதுரப் படங்களோ விழும். எல்லாவற்றுக்கும் பிரதி போடுவது செலவு என்று, நன்றாக வந்த நாலைந்தைத்தான் அச்சிடச் சொல்வார்கள். கண் மூடியவர், பாதியில் எழுந்து போனவர், குறுக்கே ஓடிய கன்றுக்குட்டி என மற்றவை எல்லாம் நெகடிவோடு நின்றுவிட்டன. உங்கள் அப்பா கழித்தவற்றில்தான் நீங்கள் தேடும் இயல்பான முகம் இருக்கும். மடிக்கணினியில் வெள்ளைத் திரை வைத்து, அதற்குச் சற்று மேலே நெகடிவைப் பிடித்துக் கைப்பேசியில் எடுத்து, நிறத்தை எதிர்மாற்றினாலே ஓரளவு தெரிந்துவிடும். சுருளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்து’ என்றிருந்தால் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு, அதாவது 1960களுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்தச் சுருள்கள் சிதையத் தொடங்கிவிட்டன. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் படியெடுங்கள்.

பாட்டியின் படத்தைச் செயலியில் வண்ணமாக்கினேன். அழகாக வந்தது, பாட்டிக்கோ பிடிக்கவில்லை. – கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

செயலிக்கு அந்தப் புடைவையின் நிறம் தெரியாது, பாட்டிக்குத் தெரியும். அரக்குப் புடைவைக்கு நீலம் போட்டிருந்தால் அவர் கோபித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. வண்ணமாக்கியதைத் தனியே வைத்து, அதில் ‘பின்னர் வண்ணமிட்டது’ என்று எழுதிவிடுங்கள். மூலத்தின் மேல் கை வைக்காதீர்கள். முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. மங்கிய இடத்தில் அவை வேறு யாருடைய கண்ணையோ மூக்கையோ கொண்டுவந்து நிரப்புகின்றன. ஸ்டூடியோக்காரர் கையால் கன்னத்தில் ரோஸ் பூசிய பழைய படங்களும் உண்டே என்று கேட்பீர்கள்; அவர் உங்கள் பாட்டியை நேரில் பார்த்துவிட்டுப் பூசினார். பழுப்பு நிறம் ஏற்றிப் பழமையாக்குவதும் வீண் வேலை. பழைய ஸ்டூடியோக்கள் பழுப்பு நிறம் ஊட்டியது படம் நீண்ட நாள் நிலைக்க வேண்டும் என்பதற்காகவுந்தான். வெள்ளியைச் சல்பைடாக மாற்றுவதால் அது காற்றில் எளிதில் கெடுவதில்லை.

தஞ்சாவூரின் மிகப் பழைய புகைப்படங்கள் எவை? – வாசகர், தஞ்சாவூர்

நாம் பார்க்கக் கிடைப்பவற்றுள் பழையவையும் சிறந்தவையும் லின்னேயஸ் டிரைப் எடுத்தவை. சென்னையில் 1856இல் புகைப்படச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் படை அதிகாரியான டிரைப், சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் சேர்த்து ஒரு தொகுதி. மெழுகு ஊட்டிய காகித நெகடிவுகளை அவர் பெரிதும் பயன்படுத்தினார். அவற்றில் உருவம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால், நடமாடியவர்கள் யாரும் பதியவில்லை. அந்தப் பெரிய கோயில் ஆளரவமற்று இருப்பதற்குக் காரணம் அன்றைக்கு ஊர் காலியாக இருந்தது என்பதல்ல. வெறுமையான வானத்தில் மேகங்களை நெகடிவின் மேல் கையாலேயே தீட்டிச் சேர்த்தவர் அவர். செயலியைக் குறை சொல்லும் நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் செய்த பெருவேலை, விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கியது. கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பிக்கும் பணி முறையாகத் தொடங்குவதற்கு முன் நடந்தது இது. பிறகு சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், புகைப்படம் அரசுக்கு ஆடம்பரச் செலவு என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார். டிரைப்பின் படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பலவற்றை இணையத்தில் பார்க்கலாம். நந்தி மண்டபப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டில் யாரேனும் அதே இடத்தில் நின்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றையாவது கழிக்கலாமா? – வாசகர், திருவிடைமருதூர்

உங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனைப் பற்றிய தம் நூலுக்கு நல்ல படம் வேண்டும் என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி கேட்டதால், 1936இல் இந்தியா வந்த வானியற்பியலாளர் சந்திரசேகர், இராமானுசனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிச் சென்று பார்த்தார். அவர் எடுத்துக் கொடுத்தது பாஸ்போர்ட் படம். உலகம் இன்று இராமானுசனின் முகம் என்று அறிவது பெரும்பாலும் அதைத்தான். வேண்டுமானால் ஒரே நெகடிவின் பிரதிகளில் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை உறவினருக்குக் கொடுங்கள்.

எங்களுக்குப் பிறகு இவற்றைப் பார்க்க ஆளில்லை. எங்கே ஒப்படைக்கலாம்? – ஓய்வுபெற்ற தம்பதி, நன்னிலம்

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களிலும் குடும்பங்களிலும் இருந்த பழைய படங்களை மின்பதிவாக்கும் பணியைச் செய்திருக்கிறது. அவர்களுக்கு முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். எந்த நிறுவனமும் வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. எடை போட்டு வாங்கும் பழம்பொருள் கடைக்காரரிடம் போக வேண்டாம். அவர் சட்டத்துக்கு ஒரு விலை, படத்துக்கு ஒரு விலை என்று பிரித்து விற்றுவிடுவார்; எந்த வீட்டுப் படம் என்ற விவரம் அன்றோடு அறுந்துவிடும். பள்ளி குரூப் போட்டோக்களை அந்தந்தப் பள்ளிக்கே கொடுத்துவிடலாம். எங்கே கொடுப்பதானாலும் பெயர், ஊர், உறவுமுறை எழுதிய பட்டியல் ஒன்றைப் படங்களோடு வையுங்கள். அதை எழுத உங்கள் இருவரையும் தவிர வேறு ஆளில்லை என்பதால், இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.